பலகைமேல் மங்கிய மணி

மரப்பலகையின் மேல் வைத்து அடிக்கவிட்ட மணி, யாரோ கையில் கட்டிக்கொண்டு அடிக்கவிட்டது போல் கேட்டது.

மேஸ்திரி முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். பகல் முழுக்க டைல்ஸ் அறுக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த காது. அதற்குள் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. சுண்டுவிரலை விட்டுக் குடைந்தார். ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். மறுபடி அந்த வாட்சின் விலாப்பக்கம் இருந்த சின்ன நாக்கை நகத்தால் தள்ளிவிட்டு, குனிந்து காதைக் கொடுத்தார். உள்ளே ஏதோ பூச்சி சிறகடிப்பது போல மெல்லிய சத்தம், அதற்குப் பின்னால் மணி. தடித்த குரலில் எத்தனை மணி என்று, இரட்டைக் குரலில் எத்தனை கால்மணி என்று, மெலிந்த குரலில் மிச்சம் எத்தனை நிமிடம் என்று. சொன்ன நேரம் சரி. சொன்ன குரல்தான் சரியில்லை. தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறவன் போர்வையை விலக்காமலே பதில் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

மணி சொல்லும் வாட்சுக்குள் முடியைவிடக் கொஞ்சம் தடித்த எஃகுக் கம்பி இரண்டு, மெஷினைச் சுற்றி வளைந்து கிடக்கும். கடுகளவு சுத்தியல் இரண்டு அவற்றைத் தட்டும். காய்ந்த மரத்தின் மேல் வைத்தால் மரம் அந்த ஓசையை வாங்கிப் பெரிதாக்கி அறைக்குக் கொடுக்கும். கையில் கட்டினால் சதை குடித்துவிடும். வாட்ச் சேர்க்கிறவர்களில் இது தெரியாதவர் கிடையாது. அதனால்தான் வாங்குவதற்கு முன்னால் பலகையில் வைத்துக் கேட்பார்கள். பிறகுதான் மணிக்கட்டில் கட்டிக் கேட்பது. பலகையில் முழுக்குரல், கையில் அரைக்குரல்.

இங்கே பலகையில் அரைக்குரல். பலகையில் ஏது சதை? அவர் கை இரண்டும் அவர் தொடைமேல்தான் இருந்தன.

மேஸ்திரி என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவர் இப்போது ஆள் வைத்து வேலை வாங்கும் கான்டிராக்டர். கொத்துக்கரண்டியைக் கீழே வைத்து ரொம்ப நாளாகிவிட்டது. வாலிபத்தில் அவருக்கு நேரம் என்றால் அடுத்தவன் ஊதுகிற விசில். வேலை தொடங்க ஒரு விசில், சாப்பாட்டுக்கு ஒரு விசில், சாப்பிட்ட கை காயும்முன் இன்னொரு விசில். பிழைப்பு நிமிர்ந்ததும் கூட மண் சுமந்தவர்கள் வீடு வாங்கினார்கள், கார் வாங்கினார்கள். இவருக்கு வாட்ச் பைத்தியம் பிடித்தது. பேட்டரியில் ஓடுவதெல்லாம் அவருக்கு வாட்சே இல்லை. மனுஷன் அரம் பிடித்து ராவி, பல் பல்லாக வெட்டி, சாவி கொடுத்தால் மட்டும் ஓடும்படி செய்தது வேண்டும். யாரும் பார்க்கப்போகாத அடிப்பக்கத்தையும் மெருகேற்றி வைத்திருக்க வேண்டும். பீரோ வந்து மறைக்கப்போகிற சுவரையும் ஒழுங்காகப் பூசுகிறவன்தான் கொத்தனார் என்பது அவர் கட்சி.

அவர் மனைவிக்கு இந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. கண்ணாடி அலமாரியில் வரிசையாகப் படுத்திருக்கும் வாட்சுகளை அவள் சக்களத்திகள் என்பாள்.

"என்ன, சக்களத்திங்களுக்கெல்லாம் சாவி குடுத்தாச்சா? எனக்கு ஒரு வாய் டீ போட்டுக் குடுக்க இந்த வீட்ல நாதி இல்ல."

"நீ தானா ஓடுற மெஷினும்மா. உனக்கு எதுக்கு சாவி?"

"ஓடுவேன் ஓடுவேன். ஒரு நாள் வீட்டை விட்டே ஓடுவேன், அப்ப தெரியும்."

இப்படிப் பேசிக்கொண்டே டீயையும் அவளே கொண்டுவந்து வைப்பாள். அந்த வீட்டில் சண்டை என்றால் அவ்வளவுதான்.

மங்கிப்போன இந்த வாட்ச் அலமாரிக்குப் புதிது. ஒரே ஆள் வருஷக்கணக்கில் தனியே உட்கார்ந்து செய்தது. எந்த மாதம் குட்டை, எந்த மாதம் நெட்டை என்று அதற்கே தெரியும். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பிப்ரவரி ஒரு நாள் நீள்வதும் தெரியும். முகப்பின் அடியில் கருநீல எனாமலில் ஒரு நிலா, வானத்து நிலாவோடு கூடவே தேய்ந்து வளரும். இது மாதிரி இன்னொன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதைக் கொடுத்தது ஒத்தக்கண்ணர்.

ஒத்தக்கண்ணருக்கு இரண்டு கண்ணும் நல்ல கண்தான். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்; காலை முதல் ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டி மறு கண்ணை மூடியே இருப்பதால் அந்தப் பெயர். மேஸ்திரிக்கு வாட்ச் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்ததே அவர். எது ஒரிஜினல், எது ஒட்டுப்போட்டது, எதைத் தொடக்கூடாது, எல்லாம் அவர் வாய்தான். மேஸ்திரியின் கல்யாணத்தில் பந்தி பார்த்தவர். மேஸ்திரி சாரத்திலிருந்து விழுந்து கிடந்தபோது ஆஸ்பத்திரியில் மூத்திரச் சட்டி எடுத்தவர். கூடப் பிறந்தவனிடம் சொல்லாததையும் அவரிடம் சொல்லலாம்.

இரண்டு வருஷமாக அவர் இந்த வாட்சைக் கழற்றாமல் கட்டியிருந்தார். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்து வைத்திருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் மனுஷன் உருகிப்போனார். பேச்சு குறைந்தது. கடையில் வாடிக்கையாளர்கள் அவர் எதிரே நின்றுகொண்டே "கடையில யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். "வீட்லயும் இதே கதைதான் மேஸ்திரி. நான் இருக்கறதே ஒருத்தருக்கும் தெரியல" என்று அவர் சொன்னபோது மேஸ்திரி வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். எந்தப் புருஷன்தான் அப்படிச் சொல்லவில்லை?

வாட்ச் பிரியர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே ஒத்தக்கண்ணர் சட்டைக் கையை மேலே தள்ளினார். "உனக்கு வேணுமாய்யா இது?" என்று மணிக்கட்டை மேஸ்திரியின் காதோரம் கொண்டுவந்து நாக்கைத் தள்ளினார். மணி அடித்தது. கண்ணாடித் தம்ளரின் விளிம்பை நகத்தால் சுண்டியது போல, அவ்வளவு தெளிவு. மேஸ்திரிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பக்கத்தில் இருந்த இன்னொரு வாட்ச் பிரியரான வக்கீல், "பலகையில ஒரு தடவை வெச்சுக் கேட்டுடலாமே" என்றார்.

ஒத்தக்கண்ணர் வக்கீலைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்தார். "என்னய்யா? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"சேச்சே. என்ன பேச்சு இது?"

அங்கேயே கழற்றி, அங்கேயே அவர் கையில் கட்டிவிட்டார். கட்டி முடித்தும் ஒத்தக்கண்ணர் கொக்கியிலிருந்து விரலை எடுக்கவில்லை. பிரிய மனசில்லை போலும் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். புது வார் ஒன்றும் அன்பளிப்பாகப் போட்டுக்கொடுத்தார். கன்றுத்தோல், தேன் நிறம்.

இப்போது அதே வாட்ச் பலகையில் கிடந்து போர்வைக்குள்ளிருந்து பேசியது. மேஸ்திரிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. கட்டிக் காட்டியது ஒன்று, கொடுத்தது வேறொன்று. உள்ளே மெஷினை மாற்றிவிட்டான். நினைத்த மறு விநாடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவனா? மூத்திரச் சட்டி எடுத்தவனா?

வாட்சைத் தூக்கினார். அது கிடந்த இடத்தில் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி.

அடுத்த வாரம் வாரில் மடிப்பைப் பார்த்தார்.

தோல்வார் பொய் சொல்லாது. எந்தத் துளையில் மாட்டிக் கட்டுகிறோமோ அந்த இடத்தில் மடிப்பு விழும். ஆளுக்கு ஆள் வேறுபடும். மேஸ்திரியின் மணிக்கட்டு மண்வெட்டி பிடித்துப் பருத்தது. எந்த வாரானாலும் கடைசித் துளைதான். கடைசித் துளையில் மடிப்பு இருந்தது. நடுத் துளையிலும் இன்னொரு மடிப்பு இருந்தது. நடுத் துளை ஒல்லிக் கைக்கு உரியது. ஒத்தக்கண்ணர் கைக்கு உரியது. ஆனால் இந்த வாரை ஒத்தக்கண்ணர் ஒரு நாளும் கட்டவில்லை.

"ஏம்மா, நான் வேலைக்குப் போனப்புறம் இந்த வாட்ச யாராவது எடுத்துக் கட்டுனாங்களா?"

"ஆமா, நான்தான் கட்டிக்கிட்டுத் துணி துவைச்சேன்." அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "போங்க, வேற வேலை இல்ல. உங்க சக்களத்திய நான் எதுக்குத் தொடப்போறேன்?"

சில நாள் கழித்து நடுத் துளையின் மடிப்பு லேசாகி, அதற்கு அடுத்த துளையில் புது மடிப்பு விழுந்திருந்தது. கடைசித் துளையை நோக்கி ஒரு துளை நகர்ந்திருந்தது. கட்டுகிறவன் யாராக இருந்தாலும் பருத்துக்கொண்டு வருகிறான்.

வாரை மூக்கருகே கொண்டுபோனார். வியர்வை வாடை. யாருடையது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. சிமெண்ட் தூசியும், வெற்றிலையும், தலைக்குப் போடுகிற எண்ணெயும். அவருடைய வாடை. சட்டையைக் கழற்றித் தன் தோளை முகர்ந்தார். கக்கத்தை முகர்ந்தார். நாள் முழுக்க வெயிலில் வெந்த உடம்பு. ஒரு வாடையும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி.

அன்று வாட்சைக் கையில் கட்டி, ஒரு சந்தேகத்துக்காக நாக்கைத் தள்ளிப் பார்த்தார்.

கண்ணாடித் தம்ளரைச் சுண்டிய ஓசை. அன்று ஒத்தக்கண்ணர் கையில் கேட்டாரே, அதே தெளிவு. அறை முழுக்க நிறைந்தது.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வக்கீல் வீட்டுக்குப் போனார். வக்கீல் அவர் மணிக்கட்டில் காதை வைத்துக் கேட்டார். மறுபடி ஒரு முறை கேட்டார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போட்டுக்கொண்டார்.

"கையில கட்டுன எந்த மணியும் இப்படிப் பாடாது மேஸ்திரி. காஞ்ச மரத்துல வெச்சாத்தான் இப்படிப் பாடும்."

"அன்னைக்கு அவன் கையிலயும் இப்படித்தான பாடுச்சு?"

"ஆமா."

"அப்பவே உங்களுக்குத் தோணலையா?"

வக்கீல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "தோணுச்சு. அதான் பலகையில வெக்கச் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் அப்படி ஒரு சிநேகம். நடுவுல நான் எதுக்கு மூக்க நுழைக்கணும்னு விட்டுட்டேன்."

மேஸ்திரி எழுந்து வாசல் வரைக்கும் வந்தபின், உள்ளேயிருந்து வக்கீல் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. "இங்க இப்ப யாரு வந்துட்டுப் போனது?"

அதற்குப் பிறகு எல்லாம் சின்னச் சின்னதாக நடந்தது. சுவர் ஊறுவது போல. எங்கே தண்ணீர் என்று தெரியாது, ஒரு நாள் பூச்சு உப்பி நிற்கும். கட்டிட வேலையில் டீக்காரன் வரிசையாக எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டே வந்து, இவரைத் தாண்டி அடுத்த ஆளிடம் போனான். சாரத்தின் மேல் நின்றவனை இவர் திட்டினார். அவன் காதில் வாங்காமல் பாட்டு முனகிக்கொண்டு பூசினான். இவர் தொண்டை கிழியக் கத்தியபோது, "எங்கயோ யாரோ கூப்பிடுறாங்க பாரு" என்றான் பக்கத்திலிருந்தவனிடம்.

புதுத் தரையில் டைல்ஸ் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க விரல் முட்டியால் தட்டுவது அவர் வழக்கம். தட்டினார். டொக் என்றது. உள்ளே காலி. அடுத்ததைத் தட்டினார். அதுவும் டொக். அடுத்ததும். இத்தனை டைல்ஸா பொள்ளல்? வாட்ச் கட்டுகிற இடது கையை விட்டு வலது கையால் தட்டினார். கெட்டியாக இருந்தது. எல்லாமே கெட்டியாக இருந்தன. இடது கையால் மறுபடி. டொக்.

தரையில் பொள்ளல் இல்லை.

அன்று பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து கை கழுவி உட்கார்ந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் நிமிரவில்லை. மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"என்னங்க? மறுபடியுமா?"

"என்ன மறுபடி?"

"இப்பதான சாப்பிட்டுப் போய்ப் படுத்தீங்க. ரெண்டாந்தடவை சாம்பார் கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டீங்க. ரொம்ப நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் ருசிச்சுச் சாப்பிட்டீங்கன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

கழுவாத தட்டு தொட்டியில் கிடந்தது. அதில் கருவேப்பிலை ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது, அவர் ஒதுக்குகிற பக்கமாகவே. உள்ளறையில் மேஜை. மேஜைமேல் பலகை. பலகைமேல் காலையில் அவர் கழற்றி வைத்துவிட்டுப் போன வாட்ச். அதன் முன்னால் அவருடைய நாற்காலி, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது. வார் வட்டமாகப் பூட்டியிருந்தது. அவர் பூட்டி வைக்கவில்லை. பூட்டியிருந்தது கடைசித் துளையில்.

அவர் சாப்பிடவில்லை. வாட்சைத் தொடவும் இல்லை. குடையை எடுக்காமல் மழையில் இறங்கி ஒத்தக்கண்ணர் கடைக்கு நடந்தார்.

கடையில் நல்ல கூட்டம். ரேடியோ பாடியது. ஒத்தக்கண்ணர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. வந்தவர்களோடு சிரித்துப் பேசினார், எல்லோரும் அவரோடு சிரித்துப் பேசினார்கள். கூட்டம் கலையும்வரை மேஸ்திரி கல்லாவுக்கு முன்னால் சொட்டச் சொட்ட நின்றார். ஒருவரும் நகர்ந்து வழிவிடவில்லை. ஒருவரும் இடித்துவிட்டோமே என்று திரும்பவும் இல்லை.

"யோவ்."

ஒத்தக்கண்ணர் லென்ஸை மாட்டினார்.

"யோவ், ஒத்தக்கண்ணா!"

கை நின்றது. லென்ஸ் மேஜையில் விழுந்து உருண்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் மேஸ்திரி நின்ற இடத்துக்குக் கொஞ்சம் இடதுபக்கமாகப் பார்த்தார். பிறகு கண்ணை இடுக்கித் தேடி, மெல்ல வந்து சேர்ந்தார்.

"மேஸ்திரியா? இருட்டுல சரியாத் தெரியல."

தலைக்கு மேல் இரண்டு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தன.

"வாட்ச் கையில இருக்கா?" என்று கேட்டார் ஒத்தக்கண்ணர். முதல் கேள்வியே அதுதான்.

"இல்ல. வீட்ல பலகைமேல கிடக்கு."

ஒத்தக்கண்ணர் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"மெஷின மாத்திட்டியாடா?"

"ஒரு திருகாணிகூட மாத்தல. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

மாற்றியிருக்கக் கூடாதா என்று இருந்தது மேஸ்திரிக்கு. வெறும் திருட்டாக இருந்திருக்கக் கூடாதா? திருட்டை மன்னித்துவிடலாம். "அப்ப பலகையில ஏன் அது செத்த குரல்ல அடிக்குது?"

"அது செத்த குரல் இல்ல மேஸ்திரி." ஒத்தக்கண்ணர் ரேடியோவை நிறுத்தினார். மழைச் சத்தம் உள்ளே வந்தது. "சதைமேல இருக்கற குரல்."

மேஸ்திரி கல்லாவின் மேல் குனிந்தார்.

"உனக்கு இதைக் குடுத்தது யாரு?"

"எங்க அக்கா புருஷன். கையில கட்டித்தான் காட்டினாரு. மச்சான் நமக்குக் கெடுதல் நினைப்பாரான்னு நானும் பலகையில வெச்சுக் கேக்கல."

"தெரிஞ்சு குடுத்தியா?"

ஒத்தக்கண்ணர் மேஜையில் கிடந்த லென்ஸை எடுத்தார்.

"தெரிஞ்சா குடுத்தே?"

"எத்தனையோ பேருகிட்டக் காட்டினேன்யா. எல்லாவனும் பலகையில வெக்கணும்னான். வெச்சுக் கேட்டவன் எவனும் வாங்கல. கேக்காம வாங்கணும். நம்பி வாங்கணும். அப்பதான் அது விட்டுப் போகும்." லென்ஸைச் சட்டையில் துடைத்தார். "என்னை அப்படி நம்பற ஆளு யாரு இருக்கா? நீ ஒருத்தன்தான இருக்கே."

அடித்திருக்கலாம். மேஸ்திரி இடது கையை ஓங்கியும்விட்டார். ஓங்கிய கை அவர் கை மாதிரியே இல்லை; சாரத்தில் கட்டிய கழி மாதிரி தோளிலிருந்து தூக்கிக்கொண்டு நின்றது. இறக்கிக்கொண்டார்.

"என் வீட்ல எனக்குத் தட்டு வெக்கல மேஸ்திரி. ரெண்டு வருஷம்" என்றார் ஒத்தக்கண்ணர். சொல்லும்போதே அவர் பார்வை மறுபடி இடதுபக்கமாக நழுவியது. "மேஸ்திரி? இருக்கியா? போயிட்டியா?"

மேஸ்திரி அங்கேயேதான் நின்றிருந்தார்.

திரும்பி நடக்கும்போது மழை அவர்மேல் விழுந்தது. விழுவது தெரிந்தது, நனைவது தெரியவில்லை. இடது தோள்வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மனசுக்குள் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்தது. நம்பி வாங்குகிற ஆள். பலகையில் வைத்துக் கேட்காத ஆள். அவருக்கும் ஒருத்தி இருந்தாள். "இந்தாம்மா, இதக் கொஞ்சம் கட்டிக்கோ" என்றால் என்ன ஏது என்று கேட்காமல் மாவு பிசைந்த கையை நீட்டுவாள். திட்டிக்கொண்டே நீட்டுவாள். அந்தக் கையை நினைத்ததும் நடுத்தெருவில் நின்றுவிட்டார். சீ, என்றார் சத்தமாக. பக்கத்தில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை.

வேறு வழி இருந்தது. நாளைக் காலையில் புதுக் கட்டிடத்துக்குத் தூண் போடுகிறார்கள். கம்பிக் கூட்டுக்குள் அதை வீசிவிட்டுக் கான்கிரீட்டை ஊற்றச் சொல்ல வேண்டும். யாரும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். செய்தவன் கையை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. இருக்கட்டும். அதைக் கொண்டு புதைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, நான்தான் பாரு என்று சொல்ல வேண்டும். அவள் பார்ப்பாள். கூடவே கிடந்து குப்பை கொட்டியவள். எவன் மறந்தாலும் அவள் பார்ப்பாள்.

தெரு முனை திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மழைக்குக் கரண்ட் போயிருந்தது. அவர் வீட்டு வாசல் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளறையில் ஒரு மெழுகுவர்த்தி.

செருப்பைக் கழற்றினார். நிலைப்படியில் நின்றார்.

மனைவி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். அவளுக்கு எதிரே அவருடைய நாற்காலி. மெழுகுவர்த்தி அவளுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் நாற்காலி இருட்டில் இருந்தது. இருட்டு, நாற்காலியின் அளவைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் எதையோ மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். நாற்காலிப் பக்கமிருந்து நீண்டு வந்த ஒன்றை.

மணி அடித்தது. தடித்த குரல். இரட்டைக் குரல். மெலிந்த குரல். அரைக்குரலில், இதமாக, நல்ல சதையின் மேல் வைத்து அடிப்பது போல.

"இப்பதான் உங்க கை சூடா இருக்கு" என்றாள் அவள். "இத்தன நாளா கட்டை மாதிரி கிடந்துச்சு. எனக்குப் பயமாவே இருந்துச்சு."

"ஏம்மா" என்றார் மேஸ்திரி.

அவள் திரும்பவில்லை.

"ஏம்மா! இங்க பாரு. நான் இங்க இருக்கேன்."

மெழுகுவர்த்தி ஆடியது. அவள் அதைக் கையால் அணைத்து மறைத்தாள்.

அவர் உள்ளே போகப் பார்த்தார். கால் எழவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் எழவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கதவை அறைந்தார். உள்ளங்கை பட்ட சத்தம் வரவில்லை. மரம் மரத்தில் மோதிய சத்தம். மறுபடி அறைந்தார். டொக். டொக்.

"காத்துல கதவு அடிச்சுக்குது பாருங்க" என்றாள் அவள் நாற்காலியிடம். "சாரல் உள்ள வருது. போய்ச் சாத்திட்டு வாங்க."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அதிலிருந்து எழுந்தது. அவர் உயரம். அவர் நடை. அவர் தொண்டையைச் செருமுவது போலவே செருமிக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் தரை அதன் பாரத்தை வாங்கியது.

வந்தது. கதவின் விளிம்பைப் பிடித்தது. அவர் முகம் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. மூச்சு சூடாகப் பட்டது, வெற்றிலை வாடையோடு. கண்கள் அவரைத் தாண்டித் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தன.

"யாரும் இல்லம்மா" என்று உள்பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, அது கதவைச் சாத்தியது.